பெக்தூரின் செப்டம்பர்

காரகோல்,
ஏப்ரல் 7.

அன்பு நாசிராவுக்கு அத்தை புருல் எழுதுவது.

அந்த உச்சியில் நீ உறையாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான், பசு, பெக்தூரின் சைக்கிள் மூன்று பேரும் சுகம். வசந்தம் வந்ததிலிருந்து பசுவுக்கு மட்டும் திமிர் ஏறிவிட்டது, வாளியை எட்டி உதைக்கிறது.

அங்கே போன் எடுக்காது, ரேடியோவில் மழை பனி தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் இந்த வயதில் பேனா பிடிக்கிறேன். உங்கள் வானிலை நிலையத்துக்குச் சரக்கு லாரி ஓட்டுகிற எசென் என்பவன் வாசலில் நின்று, கடிதம் இருந்தால் கொடுங்கள் என்றான். முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லையாம். உள்ளே வரச் சொன்னால் பூட்ஸைக் கழற்றவே அவ்வளவு யோசனை. டீயும் ரொட்டியும் கொடுத்தேன்.

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு. என் பிள்ளை பெக்தூரின் கூட்டாளிகள் இந்த வருஷத்தை ஆரம்பித்துவிட்டார்கள். ஊரில் பள்ளித் தோழர்கள் ஷெரினெ என்கிற முறை விருந்து வைத்தால் மாதம் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முறைக்காரர் சமைத்துக் கட்டியதை சைக்கிளில் தூக்கிக்கொண்டு, சரளைப் பாதையில் குலுங்கி, காட்டுக்குள் போய்ச் சாப்பிடுகிற கூட்டம் உலகத்திலேயே அவனோடு சேர்த்து இந்த ஏழு பேர்தான். ஸ்லாவாவும் குல்சாத்தும் போகிற வழியில் இங்கே வந்து தயங்கித் தயங்கி நின்றார்கள். செப்டம்பர் பெக்தூரின் முறை, போன வருஷம் துக்கத்தில் விட்டுவிட்டோம், இனிமேல் அவன் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். "அவன் முறை அவனுக்கே இருக்கட்டும். சமையல் நான் பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். நீயும் இறங்கி வந்துவிடு.

எதிர்வீட்டு ரைசாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "வருஷச் சாப்பாடு போட்டு ரெண்டு மாசமாச்சு. மருமவ தலையில இருக்கிற துக்கக் கறுப்ப எடுத்து, துக்கம் முடிஞ்சதுன்னு வெள்ளை கட்டி விடாமலே மலைக்கு அனுப்பிட்டியே புருல். அவ வேற வாழ்க்கை பாக்க வேணாமா?" என்றாள். வெள்ளைத் துணியை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று சொன்னேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன். அழகுக்கு இல்லை, போட்டுக்கொள்ள.

உன் அத்தை,
புருல்.


வானிலை நிலையம்,
ஏப்ரல் 27.

என் அன்பு அத்தைக்கு வணக்கம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். கூட இருக்கிற டொக்தோ மாமாவும் அவர் மனைவியும் என்னைச் சொந்தப் பெண்ணாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மாமாவுக்கு இடுப்பு வலி மட்டும் தீரவில்லை.

காலுறை காலில்தான் இருக்கிறது. துணியைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம் அத்தை. இந்தக் குளிருக்குக் கறுப்பே கதகதப்பாக இருக்கிறது.

ஞாயிறு ஊர்வலம் கிளம்பியதைப் படித்ததும் எனக்குக் கால் துறுதுறுத்தது. இங்கே சுற்றிலும் கல்லும் பனியும்தான், ஒரு மரம் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் சரளை நொறுங்குகிற சத்தத்தையும், மழை விட்டதும் தேவதாருவிலிருந்து வருகிற வாசனையையும் நினைத்து நினைத்து ஏங்குகிறேன். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் முந்த மாட்டார்கள். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தால் முன்னால் போனவர்கள் நின்றுவிடுவார்கள், கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் எல்லோரும் கிளம்புவார்கள். குல்சாத் முதல் தடவை என்னை அழைத்துப் போன அன்று அந்தக் கடைசி ஆள் நான். உங்கள் பிள்ளை எனக்கும் பின்னால் வந்தார். ஏன் என்று கேட்டால், "செயின் கழண்டுடுச்சு" என்றார். அன்றைக்கு மட்டும் அந்தச் செயின் ஒன்பது தடவை கழன்றது. அதற்கப்புறம் கடைசியில் வருவதே அவர் வழக்கமாகிவிட்டது.

லாரிக்காரர் போகும்போது எங்கள் அடுப்புக் குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அறையில் புகை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
நாசிரா.


காரகோல்,
மே 12.

கண்ணே நாசிரா, மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா? எனக்கு இரண்டு முட்டியிலும் சிராய்ப்பு, இடது முழங்கையில் வீக்கம், மற்றபடி நலம். பதறாதே. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி, கேள். இருபது வருஷம் மாதத்தின் முதல் ஞாயிறு ஆனால் அவன் காலையில் கிளம்பிப் போவான், பொழுது சாய்ந்தால் சேறும் சிரிப்புமாக வருவான். கழுவிப் போட சட்டை கொடுப்பான். எங்கே போனான், எதைப் பார்த்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக வருகிறான் என்று ஒருநாளும் நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பாழாய்ப் போன பனிச்சரிவு அவனைக் கொண்டு போன இடத்தை மட்டும் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். அவன் சிரித்த இடத்தை நான் பார்க்க வேண்டும். செப்டம்பரில் அவர்களோடு நானும் போகிறேன்.

ஸ்லாவா வந்து அவன் சைக்கிளின் சீட்டை இறக்கிக் கொடுத்தான். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவது யார் தெரியுமா? உன் லாரிக்காரர். சரக்கு ஏற்றக் காத்திருக்கிற நேரத்தில் வந்துவிடுகிறான். நான் வேலியில் போய் விழுந்தேன், அதையும் அவனே கட்டிக் கொடுத்தான். ரைசா ஜன்னலை விட்டு நகரவே இல்லை, அவள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

ஒன்று கவனித்தேன். டொக்தோவின் இடுப்பு வலி, அவர் மனைவி சுடுகிற ரொட்டி, அங்கே இருக்கிற நாய்க்கு நாலாவது குட்டி எல்லாம் எசென் பேசுகிறான். உன் பெயர் மட்டும் அவன் வாயில் வருவதே இல்லை. ஒரு பெயரைத் தாண்டித் தாண்டி ஒரு மனுஷன் பேசினால் எனக்குத் தெரியாதா நாசிரா?

பதில் எழுது.
அத்தை.


வானிலை நிலையம்,
ஜூன் 2.

அன்பு அத்தைக்கு, சிராய்ப்புக்கு மருந்து போட்டீர்களா? தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். முன் பிரேக்கைத் தனியாகப் பிடிக்காதீர்கள், இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். ஜெட்டி-ஓகுஸ் பக்கம் இறக்கத்தில் சரளை மெத்தென்று இருக்கும், சக்கரம் வழுக்கினால் பயந்து திருப்பாதீர்கள், அதன் போக்கில் விடுங்கள்.

இங்கே பனி உருக ஆரம்பித்துவிட்டது. இரவில் திரும்பவும் உறைகிறது. போன வாரம் காற்று மிகவும் பலம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய் அளவுகளைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்குட்டிகள் நலம்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

நாசிரா.


வானிலை நிலையம்,
ஜூலை 1.

அன்புள்ள அத்தைக்கு, இரண்டு தடவை லாரி வந்துவிட்டது. மாவு வந்தது, டீசல் வந்தது, உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கேட்டால் அவர், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, சைக்கிள் ஓட்டுறாங்க, எழுத நேரமில்லன்னாங்க" என்கிறார். கோபம் வந்தால்தான் என் அத்தைக்கு எழுத நேரமில்லாமல் போகும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு நான் காற்றையும் நாயையும் எழுதினேன். தப்புதான். இப்போது எழுதுகிறேன்.

எசென் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நானும் எதுவும் சொன்னதில்லை. சாமான் இறக்கி முடித்த பிறகும் அவர் உடனே கிளம்புவதில்லை, அவ்வளவுதான். டயரைத் தட்டிப் பார்ப்பார், திரும்பவும் தட்டிப் பார்ப்பார். நான் கதவருகில் நிற்பேன். லாரி வளைவில் மறைந்த பிறகு உள்ளே வந்தால் அறை போன தடவையை விடப் பெரிதாக இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

பெக்தூரை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்தச் செயின் சத்தம் இன்னும் எனக்குப் பின்னால் கேட்கிறது.

திட்டியாவது எழுதுங்கள்.
நாசிரா.


காரகோல்,
ஜூலை 20.

நாசிராவுக்கு, நலம். நலமே வேண்டும்.

திட்டுவதற்கு என்ன இருக்கிறது? உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் பசுவிடம் மட்டும்தான் பேசினேன். அந்த எசென் வந்தபோது வீட்டில் இல்லாதவள் மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவன் தட்டினான், காத்திருந்தான், கிணற்றடியில் காலி வாளியை நிரப்பி வைத்துவிட்டுப் போனான். அதைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.

வெள்ளைத் துணி தொலையவில்லை. நீ வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்று உனக்குக் கட்டிய அதே துணி, துவைத்து மடித்து, ரஜாய் அடுக்குக்குக் கீழே பெட்டியில்தான் இருக்கிறது. வருஷச் சாப்பாட்டன்று கிழவிகள் எல்லாரும் "எங்கே துணி, கொண்டா புருல்" என்று கேட்டபோது பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டுதான் காணோம் என்று சொன்னேன்.

கறுப்பு உன் தலையில் இருக்கிற வரைக்கும் நீ என் மருமகள். என் பிள்ளையின் பெண்டாட்டி. வெள்ளையைக் கட்டி உன்னை அனுப்பிவிட்டால் நீ எனக்கு யார்? தெருவில் பார்த்தால் நின்று வணக்கம் சொல்கிற ஒருத்தி. அவனும் போய், நீயும் போனால் இந்த வீட்டில் யாருக்கு நான் ரொட்டி சுடுவது? சொல்.

செப்டம்பருக்கு வா. மற்றதை அப்புறம் பேசலாம்.

புருல்.


வானிலை நிலையம்,
ஆகஸ்ட் 31.

அன்பு அத்தைக்கு, நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கேள்விக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் பல தடவை எழுதிக் கிழித்தேன். அதை விடுங்கள். முதல் ஞாயிற்றுக்கு வர முடியாது போலிருக்கிறது. விடுப்பு நாட்களுக்கு எனக்குப் பதிலாக வர வேண்டிய ஆள் இன்னும் வரவில்லை. நிலையத்தை விட்டு இறங்க விடமாட்டார்கள். மன்னித்துவிடுங்கள்.

மேலே ஏறும்போது மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். எல்லோரும் தள்ளுவார்கள். உங்களோடு குல்சாத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
நாசிரா.


காரகோல்,
செப்டம்பர் 10.

என் கண்ணே, நீ சுகமா? எனக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். அந்தச் சீட்டைச் செய்தவன் நன்றாக இருக்கட்டும்.

போய் வந்துவிட்டேன் நாசிரா.

முந்தின நாளே ஆட்டுக்கறி வேகவைத்து, மாவு பிசைந்து பூர்சோக் பொரித்து, ஏழு பங்காகக் கட்டினேன். கை தானாக ஏழு கட்டியது. காலையில் ஆறு பேரும் வாசலில். ஸ்லாவா என் சக்கரத்தை அமுக்கிப் பார்த்துக் காற்றைக் கொஞ்சம் இறக்கினான், சரளைக்கு அதுதான் நல்லதாம். ரைசாகூட வெளியே வந்து, "பாத்துப் போடி கிழவி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாதி வழி ஓட்டினேன், பாதி வழி தள்ளினேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. செம்மண் பாறைகளைத் தாண்டியதும் காடு தொடங்கியது. உள்ளே நுழைந்ததும் சத்தமே மாறிவிட்டது, மேலே காற்று, கீழே ஊசி இலை மெத்தை. ஓடையைத் தாண்டும்போது குல்சாத் பாட ஆரம்பித்தாள், சுருதி சேரவில்லை, எல்லோரும் கிண்டல் பண்ணினார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகுதான் தெரிந்தது, அவன் போன பிறகு இதுதான் முதல் தடவை. இதற்காகத்தான் அவன் மாதா மாதம் ஓடினான் போலிருக்கிறது.

பாதை பிரிகிற முதல் இடத்தில் எல்லோரும் எனக்காக நின்றார்கள். நான் வந்து சேர்ந்தேன். அப்புறமும் யாரும் கிளம்பவில்லை. எனக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது இடத்திலும் அப்படியே. மேலே புல்வெளிக்குத் திரும்புகிற இடத்தில் எனக்குக் களைப்பே இல்லை. கடைசி ஆள் நான்தான், நானே வந்துவிட்டேன். ஆறு பேரும் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வந்த வழியையே பார்த்து நின்றார்கள்.

"எல்லாரும் வந்தாச்சே, போகலாமே" என்றேன்.

ஸ்லாவா, "போலாம்மா. ஒரு நிமிஷம்" என்றான், என்னைப் பார்க்காமல்.

குல்சாத்தான் மெதுவாகச் சொன்னாள். "கடைசில வர்றது அவன்தானேம்மா. நின்னு நின்னு பழகிடுச்சு. யாரு முதல்ல கிளம்புறதுன்னு ஒருத்தருக்கும் தெரியல."

ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு இடத்திலும் இப்படித்தான் நிற்கிறார்களாம். வளர்ந்த ஆம்பளைகள், பெண்பிள்ளைகள். அழுதேன் நாசிரா, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே அழுதேன். அவர்களும் அழுதார்கள். அப்புறம் நானே சொன்னேன், "அவன் வரமாட்டான்டா. பெத்தவ சொல்றேன், ஏறுங்க." நான்தான் முதலில் மிதித்தேன். பத்தடியில் விழுந்தேன், அது வேறு விஷயம்.

அவர்களாவது ஒரு நிமிஷம்தான் நின்றார்கள். நான் வருஷச் சாப்பாடு போட்ட பிப்ரவரியிலிருந்து நிற்கிறேன். உன்னையும் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எனக்கென்று கட்ட மறந்திருந்தேன், குல்சாத் தன்னுடையதில் பாதி கொடுத்தாள். ஏழாவது பங்கை யாரும் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை எசென் வந்தான். பேச்சுவாக்கில், மாற்று ஆளை ஆகஸ்டிலேயே மேலே கொண்டுபோய் விட்டாச்சு என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆக, மாற்று ஆள் வந்துவிட்டான். தலையில் கறுப்போடு எசென் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குள் இறங்கினால் என்னைப் பேசுவார்கள் என்றுதானே நீ வரவில்லை? உன் முதல் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன். கெட்டிக்காரி இல்லை நீ, உடனே அகப்பட்டுவிட்டாய்.

பெக்தூரின் பங்கைச் சூடாக்கி எசென் முன்னால் வைத்தேன். யார் பங்கு என்றும் சொன்னேன். கையை எடுத்துவிட்டான். "உனக்கு என் மருமவகிட்ட கேக்க எதாவது இருக்கா, இல்லியா?" என்று நேராகவே கேட்டேன்.

தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "அவங்க தலையில கறுப்பு இருக்கிற வரைக்கும் கேக்கிற உரிமை எனக்கு இல்லம்மா. எடுத்தாலும் கேப்பேனான்னு தெரியல, தைரியம் வரணும்" என்றான்.

"சாப்பிடு, வரும்" என்றேன். சாப்பிட்டான்.

வெள்ளைத் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் லாரியில் கொடுத்து அனுப்ப மாட்டேன், கையால் கட்ட வேண்டிய துணி அது. அடுத்த லாரியில் நானே வருகிறேன். வளைவுகளில் எனக்கு வாந்தி வரும், உப்புப் போட்டு டீ வைத்திரு.

அத்தை.


வானிலை நிலையம்,
அக்டோபர் 12.

என் அத்தைக்கு, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? வளைவுகளில் எத்தனை தடவை லாரியை நிறுத்தச் சொன்னீர்கள்? டொக்தோ மாமாவின் மனைவி, உன் மாமியார் மாதிரி வாயாடியை நான் பார்த்ததில்லை, அவர் போனதும் நிலையம் வெறிச்சோடிப் போய்விட்டது என்கிறார்.

துணியை நீங்கள் கட்டியபடியே வைத்திருக்கிறேன். முடிச்சை இறுக்கிவிட்டீர்கள், நெற்றி வலிக்கிறது, அவிழ்க்க மனசில்லை. கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவியதையும், நழுவவில்லை என்று நீங்கள் டொக்தோ மாமாவோடு சண்டை போட்டதையும் நினைத்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். கறுப்புத் துணியை நீங்கள் மடித்து உங்கள் பைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

இனி வசந்தம் வரைக்கும் கணவாய் மூடிவிடும், இதுதான் கடைசி லாரி. எசென் டயரை நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, ஒருவழியாகக் கேட்டுவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சம்மதம்தான் என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் அதை நான் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதம் அவர் கையில்தான் வருகிறது. நீங்களே சொல்லிவிடுங்கள்.

வெள்ளை கட்டினால் நீ எனக்கு யார் என்று ஜூலையில் கேட்டீர்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் லாரியில் ஏறிப் போன அன்று இரவுதான் தெரிந்தது.

ஏப்ரல் முதல் ஞாயிறு நான் வருவேன். என் சைக்கிளையும் துடைத்து, காற்றடித்து வையுங்கள். உங்களை விட நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். பாதை பிரிகிற இடம் வந்தால் எனக்காக நில்லுங்கள் அத்தை. நேரமாகும், ஆனால் வந்துவிடுவேன்.

உங்கள் மகள்,
நாசிரா.